பழைய ஸ்போர்ட்ஸ் கார்ப் பிரியர்களும் மின்சாரக் காரும்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் அண்மைக்காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "மின்சாரக் கார் வந்துவிட்டது. இனி பிஸ்டனும் காபரேட்டரும் வாங்க ஆள் வருமா?" என்பதே அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டதன் பின்னர் சீன மின்சாரக் கார்கள் எமது வீதிகளில் பெருகி வருவதைப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கவலை எழுவது இயல்பே.

இதற்கு விடை தேட, பிரித்தானியாவையும் ஐரோப்பாவையும் கவனிப்பது பயன் தரும் என்பது எனது கருத்து. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்பதையே ஒரு பெரும் தொழிலாக வளர்த்தெடுத்தவர்கள் அங்குள்ளவர்கள். பெற்றோல் எஞ்சின் மீது அவர்களுக்கு இருப்பது போன்ற பற்று வேறு எவருக்கும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் மின்சாரக் காரை வெறுக்கிறார்களா, விரும்புகிறார்களா? இரண்டும்தான். அந்த இரு மனநிலைக்கான காரணங்களை விளங்கிக்கொண்டால் எமது வியாபாரத்திற்கும் சில பாடங்கள் கிடைக்கும்.

உறவு தொடங்கிய இடம்

மின்சாரக் கார் ஸ்போர்ட்ஸ் காருக்கு எதிரியாகப் பிறந்தது எனப் பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. டெஸ்லா நிறுவனம் 2008இல் விற்பனைக்கு விட்ட முதலாவது கார் ரோட்ஸ்டர். அது இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாகக் கொண்டது. நோர்ஃபோக் பிரதேசத்தின் ஹெத்தல் தொழிற்சாலையில் அதன் உடற்பகுதி பொருத்தப்பட்டு, அமெரிக்காவில் பெட்டரியும் மோட்டாரும் இணைக்கப்பட்டன. 2012 வரை சுமார் 2,450 கார்கள் விற்பனையாகின. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கிலோமீற்றர் வேகத்தை நான்கு செக்கன்களுக்குள் எட்டிய அந்தக் கார், மின்சார வாகனம் என்றால் மெதுவாக ஊர்ந்து செல்லும் வண்டி என்ற எண்ணத்தை மாற்றியது. வேகத்தை விரும்புவோர் இதை மறுக்க முடியாது. மோட்டாரின் முழு இழுவிசையும் மிதித்த மறுகணமே கிடைக்கிறது. கியர் மாற்றும் வேலையும் இல்லை.

அப்படியானால் மனக்குறை எங்கே?

எடையும் ஓசையும்

முதலாவது குறை எடை. லோட்டஸின் ஸ்தாபகர் கொலின் சாப்மன் தமது வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது, வலுவைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதே மேல் என்பதைத்தான். 1996இல் வெளிவந்த முதலாவது எலீஸின் எடை சுமார் 725 கிலோகிராம். அதே லோட்டஸ், சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கைக்கு 2017இல் மாறியது. 2022இல் அது அறிமுகப்படுத்திய எலெட்ரே என்ற மின்சார வாகனம் சீனாவின் வூஹானில் தயாராகிறது. எடை சுமார் இரண்டரை தொன். பெயர்ப்பலகை ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது முற்றிலும் வேறு பொருள் என்று பழைய வாடிக்கையாளர் நினைப்பதில் தவறு காண முடியாது. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எடையை மறைக்க இயலாது.

இரண்டாவது ஓசையும் கைவேலையும். கிளட்சை மிதித்து, எஞ்சினின் சத்தத்தைக் காதால் கேட்டு, உரிய நேரத்தில் கியரை மாற்றுவதில் ஓர் இன்பம் உண்டு. இதை உணர்ந்த ஹூண்டாய் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஐயோனிக் 5 என் காரில், இல்லாத கியரை மாற்றுவது போன்ற உணர்வையும் செயற்கையான எஞ்சின் ஓசையையும் சேர்த்தது. சிலர் இதை ரசித்தனர், சிலர் நகைத்தனர். ஆனால் வாடிக்கையாளர் எதை இழந்ததாகக் கருதுகிறார் என்பதை அந்த நிறுவனம் சரியாகக் கண்டுகொண்டது எனலாம்.

மூன்றாவது காரணமே எமது வியாபாரிகளுக்கு மிக முக்கியமானது. அதுதான் திருத்தக்கூடிய தன்மை. 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். ஐந்து இலட்சத்திற்கும் அதிகமானவை தயாரிக்கப்பட்டன. அதன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும், மூல அச்சுக்களைப் பயன்படுத்தி அக்காரின் உடற்சட்டகங்களைப் புதிதாகத் தயாரித்து விற்கும் நிறுவனம் இங்கிலாந்தில் உண்டு. சாதாரண கருவிகளை வைத்துக்கொண்டு உரிமையாளர் தனது வீட்டு கராஜிலேயே பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடுவார். மின்சாரக் காரின் பெட்டரித் தொகுதியும் கணினி மென்பொருளும் அவ்வாறு கைக்கு எட்டுபவை அல்ல. நாற்பது வருடங்களின் பின்னர் அந்த பெட்டரியை யார் தயாரித்துத் தருவார் என்ற கேள்விக்கு இன்று எவரிடமும் உறுதியான பதில் இல்லை.

எஞ்சினைக் கழற்றலாமா?

பழைய காரின் எஞ்சினை அகற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தும் முறை ஒன்று உருவாகியுள்ளது. பிரியர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுவது இதில்தான். ஜகுவார் நிறுவனமே 2017இல், 1961ஆம் ஆண்டு அறிமுகமான தனது புகழ்பெற்ற ஈ-டைப் காரை மின்சாரத்திற்கு மாற்றிக் காட்டியது. 2018 மே மாதம் இளவரசர் ஹரி தமது திருமண நாளில் அத்தகைய காரையே ஓட்டிச் சென்றார். எனினும் அதைத் தொடர்ச்சியாகத் தயாரித்து விற்கும் திட்டம் கைகூடவில்லை. அஸ்டன் மார்ட்டினும் 2018 இறுதியில் இதையொத்த முறையொன்றை அறிவித்தது. இரு நிறுவனங்களும் ஒரு விடயத்தில் கவனமாக இருந்தன. விரும்பும்போது பழைய எஞ்சினை மீண்டும் பொருத்தலாம், காரின் உடலை வெட்டவோ துளைக்கவோ தேவையில்லை என்பதே அது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா 2019இல் தனது நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தியது. எஞ்சின் மாற்றப்பட்ட கார் வரலாற்று வாகனம் என்ற வரையறைக்குள் அடங்காது. மாற்றுவோர் பின்னர் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவாறு செய்து, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. இதில் வியாபார நியாயமும் அடங்கியுள்ளது. மூல எஞ்சின் இலக்கம் பொருந்தும் காருக்கே சேகரிப்பாளர் அதிக விலை கொடுப்பார். எஞ்சினைத் தூக்கி எறிபவர் பெறுமதியின் ஒரு பகுதியையும் சேர்த்தே எறிகிறார்.

மாற்றத்தை ஆதரிப்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எஞ்சின் பழுதடைந்து மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைவிட, மின்சாரத்திலாவது ஓடட்டுமே என்கின்றனர். குரோஷியாவின் மேட் ரிமாக் இதற்குச் சிறந்த உதாரணம். தனது பழைய பி.எம்.டபிள்யூ. காரின் எஞ்சின் பந்தயத்தில் வெடித்தபோது அதை மின்சாரத்திற்கு மாற்றியவர் அவர். அங்கிருந்து வளர்ந்து 2021இல் புகாட்டி ரிமாக் நிறுவனத்தின் தலைவரானார்.

ஆனால் 2024இல் அவரது தலைமையின் கீழ் அறிமுகமான புதிய புகாட்டி முழு மின்சாரக் கார் அல்ல. பதினாறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டார்களும் இணைந்தது. மிக விலையுயர்ந்த முழு மின்சாரக் கார்களுக்குக் கேள்வி குறைவு என்பதை அவரே வெளிப்படையாகக் கூறினார். அந்தக் காரின் பெயர் டூர்பியோன். அது பொறிமுறைக் கைக்கடிகாரத்தின் ஒரு பாகத்தின் பெயர். காரணமின்றி வைக்கப்பட்ட பெயரல்ல. 1970களில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தபோது சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நிலைகுலைந்தது. நேரம் காட்டுவதில் மலிவான குவார்ட்ஸே துல்லியமானது. ஆனாலும் சாவி கொடுக்கும் கடிகாரம் அழியவில்லை. அது அவசியப் பொருள் என்ற இடத்திலிருந்து ஆடம்பரப் பொருள் என்ற இடத்திற்கு நகர்ந்தது.

அவசரத்தின் விலை

இந்த உணர்வுகளைக் கணக்கில் எடுக்காத நிறுவனங்கள் இன்று பின்வாங்குகின்றன. 2028இல் முழுமையாக மின்சாரத்திற்கு மாறுவதாகக் கூறியிருந்த லோட்டஸ், 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டு ஹைபிரிட் பக்கம் திரும்பியது. 2025 ஓகஸ்ட்டில் பிரித்தானியாவில் 550 வரையான தொழில்களைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே போர்ஷே நிறுவனமும் சில மின்சார மாதிரிகளைப் பிற்போட்டு, பெற்றோல் மாதிரிகளை நீடிப்பதாகத் தெரிவித்தது. இதற்கு வேறு பொருளாதாரக் காரணங்களும் உண்டு. இருந்தபோதிலும் வாடிக்கையாளரின் மனதை அறியாமல் முதலீடு செய்ததன் சுமையில் ஒரு பங்கைத் தொழிலாளர்களே சுமக்கின்றனர் என்பது கவலைக்குரியது.

எமக்கான பாடம்

எமது நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருந்துள்ளது. இங்கிலாந்தின் மொரிஸ் மைனர் கார்களுக்கான உடற்பாகங்கள் 1990களில் இலங்கையில் கையால் தயாரிக்கப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. உற்பத்தி நின்று இருபது வருடங்களின் பின்னரும் ஒரு காரின் பாகத்திற்கு வெளிநாட்டில் சந்தை இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனவே பஞ்சிகாவத்தை நண்பர்களுக்கு நான் கூற விரும்புவது இவைதான். அன்றாடப் பாவனைக் காருக்கான எஞ்சின் பாக விற்பனை காலப்போக்கில் குறையும். அதற்கு இப்போதே தயாராக வேண்டும். அதற்காகப் பழைய மொரிஸ், ஒஸ்டின் பாகங்களை இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். தரம் பிரித்து, பாக இலக்கத்துடன் பதிந்து வையுங்கள். வாங்குபவர் தொகை குறையும், ஆனால் தேடி வருபவர் உரிய விலை தருவார். காபரேட்டர் சீர்செய்யத் தெரிந்த முதிய மெக்கானிக்கிடம் ஓர் இளைஞரைப் பழகவிடுங்கள். அதே இளைஞரை மின்சார வாகனப் பயிற்சிக்கும் அனுப்புங்கள்.

பிரித்தானியாவில் பலர் வாரநாட்களில் மின்சாரக் காரிலும் விடுமுறை நாளில் பழைய ஸ்போர்ட்ஸ் காரிலும் பயணிக்கின்றனர். ஒரே வீட்டில் இரண்டும் நிற்கின்றன. வாடிக்கையாளருக்கே இரண்டிற்கும் இடமிருக்கும்போது, கடைக்காரர் ஒன்றை மட்டும் தெரிவு செய்ய வேண்டிய அவசியமில்லை.