ஒரு திராட்சையை ருசிக்க ஒரு மாலை வேண்டும்!

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் சாலை. கம்பத்தைத் தாண்டி கூடலூர் பக்கம் வந்தால், சாலையோரத்தில் திராட்சைக் கடைகள் கண்ணில் படத் தொடங்கும். தேக்கடிக்குச் சுற்றுலா போகிறவர்களும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிறவர்களும் வண்டியை நிறுத்தும் இடம் இது. இறங்கி வருகிறவர், குவியலில் இருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார். இரண்டே கடி.

"புளிக்குதேண்ணே... கிலோ என்ன விலை?"

பேரம் தொடங்கிவிடும்.

கொடியைக் கவாத்து செய்ததிலிருந்து பழம் பறிக்கும்வரை ஏறக்குறைய நான்கு மாதம் பந்தலுக்கு அடியில் ஒரு குடும்பம் பாடுபட்டிருக்கும். அந்தப் பாட்டுக்கு மதிப்புப் போடுவது அந்த இரண்டு கடிதான். அது அவசரமாக நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் பிரச்னை.

மேல்நாடுகளில் ஒயின், விஸ்கி போன்றவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் ஒரு மாலையில் கூடுவார்கள். அதிகம் பார்க்கக் கிடைக்காத நான்கைந்து பாட்டில்களை வரிசையாக வைத்து, முகர்ந்து, ஒரு வாய் சுவைத்து, குறிப்பெழுதிப் பேசுவார்கள். அங்கே குடிப்பது நோக்கம் அல்ல. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. அந்த விளையாட்டை மது இல்லாமல், குழந்தை முதல் பாட்டி வரை வீட்டிலேயே ஆடலாம். அதற்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைவிடப் பொருத்தமான பழம் கிடைக்காது.

வாசனையால் வந்த பெயர்

பன்னீர் திராட்சைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பன்னீர் என்றால் ரோஜா நீர். இந்தப் பழத்தில் இருக்கும் லினலூல், ஜெரானியால் ஆகிய மணப்பொருள்கள் ரோஜாவிலும் இருக்கின்றன. இதே ரகம் சீனாவிலும் பயிராகிறது. அங்கே அதன் பெயர் 'மெய்குய் ஷியாங்'. அதற்கு 'ரோஜா மணம்' என்று பொருள். ஒரே பழத்தை முகர்ந்த இரண்டு தேசத்து மக்களுக்கும் ஒரே பூதான் நினைவுக்கு வந்திருக்கிறது!

உலக அளவில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா', 'பிளாக் ஹாம்பர்க்' என்ற இரண்டு பழைய ரகங்களுக்குப் பிறந்த வாரிசு இது. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நடப்பட்டு, இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற திராட்சைக்கொடி பிளாக் ஹாம்பர்க்தான். அந்த வகையில் சுருளிப்பட்டித் தோட்டத்துக் கொத்துக்கும் லண்டன் அரண்மனைக் கொடிக்கும் ரத்த சொந்தம் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பழத்தை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. இன்று சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு நெடுக இதன் பந்தல்கள்தான். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது.

ஆண்டு முழுக்க அறுவடை

மகாராஷ்டிரத் திராட்சைக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் பருவம். கம்பத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கப்போகும். இங்கே அதற்கு உறக்கமே கிடையாது. விவசாயி எப்போது கவாத்து செய்கிறாரோ, அப்போது புதுத் தளிர் விடும். ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் பழம் என்று ஆண்டு முழுக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முல்லைப் பெரியாறு தண்ணீரும், இரண்டு பக்கமும் மலை அணைத்த பருவநிலையும் அதற்குத் துணை. அணையைக் கட்டிய பென்னிகுக்குக்கு இந்த ஊர்க்காரர்கள் பொங்கல் வைப்பது சும்மா இல்லை.

ஆனால், ஆண்டு முழுக்கக் காய்க்கும் கொடிக்கு ஆண்டு முழுக்கக் கவலையும் உண்டு. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். இலையில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வரும். இந்த ரகத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. ஒரே கொத்தில் கருநீலமும் இருக்கும், செங்காயும் இருக்கும். மழைக்குப் பயந்தோ, நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடலாம் என்றோ நான்கு நாள் முன்னதாகப் பறித்தால், புளிப்பு அப்படியே தங்கிவிடும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மாம்பழத்தைப் போல, வாழையைப் போல, பறித்த பிறகு திராட்சை பழுக்காது. கொடியில் ஏறிய இனிப்புதான் கடைசி இனிப்பு. 'ரெண்டு நாள் வெச்சிருந்தா இனிச்சிடும்' என்று வாங்கிவந்தால் வாடுமே தவிர இனிக்காது.

ஆக, கொடியில் முழுசாகப் பழுக்கவிட்ட பழத்துக்கும் முன்கூட்டிப் பறித்த பழத்துக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. அதை வாங்குகிறவர் கண்டுபிடித்தால், காத்திருந்த விவசாயிக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் கிடைக்க வழி உண்டு. கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான். பிறகு எவர் மழையைப் பணயம் வைத்துக் காத்திருப்பார்?

டப்ளின் சொல்லும் பாடம்

ருசி தெரிந்த வாடிக்கையாளர்கள் ஒரு பொருளையே காப்பாற்றிவிட முடியுமா? முடியும் என்பதற்கு அயர்லாந்தில் ஒரு கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது ஐரிஷ் விஸ்கி. முளைகட்டிய பார்லிக்கு 1785-ல் வரி போட்டார்கள். அந்த வரியைக் குறைக்க, முளைகட்டாத பார்லியையும் கலந்து காய்ச்சினார்கள் ஐரிஷ்காரர்கள். அதிலிருந்து 'பாட் ஸ்டில்' என்ற தனிச்சுவை பிறந்தது. 1830-ல் ஈனியஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி, நிற்காமல் வடிக்கும் புதிய எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவாக, வேகமாக வடிக்கலாம். ஆனால், ருசி போய்விடும் என்று டப்ளின் ஆலைக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு சந்தையை வென்றார்கள். அடுத்தடுத்து ஆலைகள் மூடப்பட்டு, 1970-களின் பிற்பாதியில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் மிஞ்சியவை இரண்டே ஆலைகள்.

அந்த இருண்ட காலத்திலும் பாட் ஸ்டில் சுவை செத்துப்போகவில்லை. டப்ளினில் மிட்செல் என்ற குடும்பத்தின் ஒயின் கடை இருந்தது. ஆலையில் வாங்கிய சரக்கைத் தங்கள் சொந்த மரப்பீப்பாயில் ஊற்றி முதிரவைத்து விற்றவர்கள் அவர்கள். எந்தப் பீப்பாய் எத்தனை வருடம் என்று அடையாளம் தெரிய, அதன்மேல் வண்ணப்பொட்டு வைப்பார்கள். நீலம் 7 வருடம், பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. அதில் பச்சைப் பொட்டு மட்டும் தொடர்ந்து விற்றது. அந்த ருசிதான் வேண்டும் என்று தேடிவந்து கேட்ட சிறு கூட்டம் ஒன்று இருந்ததே காரணம். இன்று அயர்லாந்தில் ஆலைகள் 40-ஐத் தாண்டிவிட்டன. மறைந்துபோன பொட்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துவிட்டன.

மதுவின் நல்லது கெட்டது வேறு பேச்சு. வித்தியாசம் தெரிந்தவர் இருக்கும்வரை பொருள் பிழைக்கும் என்பது திராட்சைக்கும் பொருந்தும். விதையில்லாத ரகங்கள் சந்தையை நிறைத்துக்கொண்டிருக்கும் காலம் இது. பன்னீர் திராட்சையில் விதை உண்டு. தோல் கொஞ்சம் தடிமன். பல நாள் தாங்காது. அதன் ஒரே பலம் மணம். அந்த மணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு மாலைப் பொழுது.

வீட்டில் ஒரு ருசி மாலை

எத்தனை பேர், எத்தனை வகை? ஆறேழு பேர் போதும். ஐந்து கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் நாக்கு களைத்துவிடும். விதையில்லாத பச்சைத் திராட்சை, விதையில்லாத கறுப்புத் திராட்சை, இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்கிய பன்னீர் திராட்சை என நான்கு. ஐந்தாவது கிண்ணத்தில் ஒரு குறும்பு: முந்தைய நான்கில் ஒன்றையே மறுபடியும் வையுங்கள், யாரிடமும் சொல்லாமல். யாருடைய நாக்கு உண்மை பேசுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

மணத்துக்குப் பகை எது? ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் கூடாது. தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் அரைமணி நேரம் இறக்கி வைத்துவிடலாம். அடுக்களையில் வெங்காயம் தாளிக்கக் கூடாது. காபி குடித்தவுடன் உட்காரவும் வேண்டாம்.

குளிர்ச்சி வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தில் மணம் அடங்கியிருக்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். பழத்தின்மேல் இருக்கும் வெண்பூச்சு இயற்கையான மெழுகு. ஈரம் காயாமல் பழத்தைக் காப்பது அதுதான். அதனால் வாங்கியவுடன் கழுவி வைக்காமல், சாப்பிடும் முன்பு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும்.

வரிசை முக்கியம். மணம் குறைந்ததில் தொடங்கி, கூடியதில் முடிக்க வேண்டும். பன்னீரை முதலில் சாப்பிட்டால் மற்றவை சப்பென்றாகிவிடும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர், நாலு பொரி. வாய் சுத்தமாகிவிடும்.

மூக்கைப் பொத்துங்கள்! குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் கட்டம் இது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பன்னீர் திராட்சையை மெல்லச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரியும். விழுங்கும் முன் மூக்கை விட்டால், குப்பென்று ரோஜா வாசனை வரும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு போன்ற சிலவற்றைத்தான். மற்றதெல்லாம் வாயின் பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம்.

தோலைத் துப்பாதீர்கள். மணப்பொருள்களில் பெரும்பங்கு தோலிலும், தோலை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. நன்றாக மென்றால்தான் வெளியே வரும். விதையை மட்டும் கடிக்காதீர்கள். துவர்ப்பு ஏறி அடுத்த பழத்தின் ருசியையும் கெடுத்துவிடும். சின்னக் குழந்தைகளுக்குப் பழத்தை நீளவாக்கில் நறுக்கி, விதையை எடுத்துவிட்டுக் கொடுப்பது அவசியம்.

எழுதிய பிறகு பேசுங்கள். ஆளுக்கொரு தாள். மணம், இனிப்பு, புளிப்பு, தோல், விழுங்கிய பின் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது... இந்த ஐந்துக்கும் மதிப்பெண். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை மௌனம். பெரியப்பா முதலிலேயே "ஆஹா, மூணாவது கிண்ணம்தான்!" என்று சொல்லிவிட்டால், பிறகு வீட்டில் ஒருவருக்கும் வேறு கருத்து இருக்காது. எட்டாவது படிக்கும் பெண்ணின் மூக்கு பெரியப்பாவின் மூக்கைவிடக் கூர்மையாக இருக்கலாம். அதை அவளே தெரிந்துகொள்ள அந்த மௌனம் வேண்டும்.

கடைசியில் கிண்ணங்களின் ரகசியத்தை உடைத்துவிட்டு, போடி ஏலக்காய் தட்டிப் போட்ட டீயோடு மாலையை முடிக்கலாம். ஏலக்காய் முன்னால் வந்தால் எல்லா மணத்தையும் மூடிவிடும் என்பதால் கடைசியில்தான்.

அடுத்த முறை வண்டியை நிறுத்தும்போது...

உலகின் வேறு பகுதிகளில் இதே ரகத்தை 'பிளாக் மஸ்கட்' என்ற பெயரில் இனிப்பு ஒயினாக்கி விற்கிறார்கள். விலை விழும்போதெல்லாம் பழத்தைத் தாங்கிப்பிடிக்க ஒயின் ஆலை வேண்டும், குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்பது பள்ளத்தாக்கு விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை. அதற்கு அரசும் முதலீடும் மனம் வைக்க வேண்டும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடையில் கொத்தின் அடிநுனியில் இருக்கும் பழத்தை, கேட்டு வாங்கி ருசித்துப் பாருங்கள். பொதுவாகக் கொத்தில் கடைசியாகப் பழுப்பது அடிநுனிதான். அதுவே இனித்தால் முழுக் கொத்தும் இனிக்கும். காம்பு பச்சையாக இருந்தால் புதிதாகப் பறித்தது. பழம் சிவப்பில் நிற்காமல் கருநீலமாகியிருக்க வேண்டும். அப்படி ஒரு கொத்து கிடைத்தால் பேரம் பேசாதீர்கள்.

"எந்த ஊர்த் தோட்டத்துப் பழம்ணே இது? எப்பப் பறிச்சது?" என்று கேளுங்கள்.

கடைக்காரர் அந்தக் கேள்வியை வியாபாரியிடம் கேட்பார். வியாபாரி அதைத் தோட்டத்தில் கேட்பார். இன்னும் நான்கு நாள் கொடியிலேயே விடலாமா என்று பந்தலுக்கு அடியில் நின்று யோசிக்கும் விவசாயிக்கு அந்தக் கேள்விதான் தைரியம்.