உழவர் வீட்டு ஐப்பசி

ஆண்டின் பன்னிரண்டு திங்கள்களுள் பெரியது எது என்று கேட்டால், பஞ்சாங்கத்தைப் புரட்டிய மாணவன் ஆனி என்பான். சில ஆண்டுகளில் அதற்கு 32 நாட்கள் உண்டு. காவிரிப் படுகையில் நெல் விளைவிக்கும் ஒரு குடும்பத்தைக் கேட்டாலோ, ஐப்பசி என்றே விடை வரும். அதற்குள்ள நாட்கள் 30க்கு மேற்படுவதில்லை. ஆயினும் அந்நாட்களுக்குள் வந்து குவியும் வேலைகளை வேறு எந்தத் திங்களும் தாங்காது.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர்ப் பருவம். மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்று கூறுவதும் ஏறத்தாழ இந்நாட்களையே. அங்கே உழவன் விளைவைக் களஞ்சியத்தில் சேர்த்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம் அது. இங்கேயோ அவன் ஒரு வயலில் அறுவடை செய்துகொண்டே அடுத்த வயலில் நாற்று நட வேண்டும். ஒரு பயிரின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும், ஆண்டின் பெருமழையும், ஆண்டின் பெரும்பண்டிகையும் ஒரே திங்களில் சந்திக்கின்றன. இவை ஏன் இவ்வாறு ஒன்றுகூடின என்பதைச் சற்று விளக்கவே இவ்வுரை.

காரணத்தைத் தேடி நாம் ஜூன் திங்களுக்குச் செல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காக அதனை ஜூன் 12ஆம் நாள் திறப்பதும், ஜனவரி 28ஆம் நாள் மூடுவதும் மரபு. திறந்த நீர் கல்லணையைக் கடந்து, கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து கடைமடைக்குச் சென்று சேர மேலும் சில நாட்கள் ஆகும். ஜூன் இறுதியில் விதைத்த குறுவை நெல்லுக்கு வயது 110 நாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டுப் பாருங்கள்: அக்டோபர் நடுவில் கதிர் முற்றும். அதாவது, ஐப்பசி பிறக்கும் வேளையில் அரிவாள் வயலில் இருக்கும். அணை திறப்பது ஒரு திங்கள் பிந்தினால் அறுவடையும் மழையின் நடுவில் சென்று விழும்; அல்லது உழவன் குறுவையையே கைவிட்டு ஒரு போகத்துடன் நிற்பான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. அந்த எட்டு ஆண்டுகளின் ஐப்பசியும் ஜூன் திங்களிலேயே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

இனி மழையைப் பார்ப்போம். கோடையில் சூடேறிய ஆசியப் பெருநிலம் செப்டம்பருக்குப் பின் குளிரத் தொடங்குகிறது. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று பின்வாங்கி, வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. அது வங்கக் கடலைத் தழுவி வருகையில் ஈரத்தை முகந்துகொண்டு நம் கரையில் பொழிகிறது. கடலில் எழும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் அதற்குத் துணை நிற்கின்றன. இம்மழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்துவிடுகிறது. ஐப்பசி என்றதும் அடைமழை என்று நம் மக்கள் சேர்த்துச் சொல்லும் வழக்கு இதனால் எழுந்ததே. மழை பொய்த்தால் அதுவும் பேரிடரே. 2016இல் இப்பருவமழை இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது; அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. வந்தாலும் அச்சம், வராவிடினும் அச்சம் என்னும் நிலை உழவனுக்கு இத்திங்களில்தான் உண்டு.

மழை கண்டு மகிழ வேண்டிய உழவன் அஞ்சுவது ஏன்? களத்தில் கிடக்கும் குறுவை நெல்லே காரணம். நெல்மணி முற்றிய பின்னும் சில காலம் முளைக்காமல் அடங்கிக் கிடப்பதை விதையுறக்கம் என்பர். நீண்ட வயதுடைய சம்பா நெல் பலவற்றுக்கு இது உண்டு. குறுகிய வயதுடைய குறுவை நெல் பலவற்றுக்கோ இவ்வுறக்கம் மிகக் குறைவு. இரண்டு மூன்று நாள் நனைந்தால் போதும். தாளில் நிற்கும்போதே வெண்முளை எட்டிப் பார்க்கும். 1922இல் தோன்றிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லை உழவர்க்கு வழங்கியது. ஜப்பானிய நெல்லும் நம் நாட்டு நெல்லும் கலந்து பிறந்தது அது. விளைச்சல் பெருகியது, இருபோகம் பரவியது, அதனோடு ஈர நெல்லின் தொல்லையும் பரவியது. அத்தொல்லைக்குத் தீர்வு காணவே 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்று தஞ்சாவூரில் விளங்கும் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அவ்விதையிலிருந்து வளர்ந்த மரமே.

இன்று அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. மழை மிகுந்த ஆண்டுகளில் இவ்வரம்பு சற்றுத் தளர்த்தப்படுவதும் உண்டு. ஆகவே ஐப்பசியில் ஒரு மணி நேர வெயில் என்பது பணமாகும். மேகம் விலகியதும், வீட்டிலுள்ளோர் அனைவரும், படித்துக்கொண்டிருந்த பிள்ளை உட்பட, நெல்லைப் பரப்ப ஓடுவர். தூறல் விழுந்ததும் மீண்டும் குவித்து மூட ஓடுவர். ஊரின் தார்ச்சாலைகள் பாதிக்குமேல் களங்களாகிவிடுவதை அப்பக்கம் சென்றவர்கள் கண்டிருக்கலாம். வண்டியில் செல்வோர் சினந்துகொள்வர். அவர்கள் சினமும் நியாயமே.

இவ்வளவும் ஒருபுறம் நடக்க, மறுபுறம் நடவு காத்திருக்கிறது. குறுவை அறுத்த வயலில் நடுவது தாளடி. குறுவை செய்யாத வயலில் நடுவது சம்பா. நாற்றுக்கும் வயது உண்டு. 30, 35 நாளைக் கடந்த நாற்று நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும். பின்னர் நட்டால் தூர் கட்டாது. பழைய சம்பா வகைகளுக்கு மற்றொரு குணமும் இருந்தது. பகல் குறுகுவதைக் கண்டே அவை பூக்கும். முந்தி நட்டாலும் பிந்தி நட்டாலும் பூக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றே; பிந்திய பயிருக்கு வளரும் நாட்கள் குறைந்துபோகும். இக்கால வகைகள் நாட்கணக்கில் முதிர்வன. ஆனால் பிந்தினால் கதிர் பால் பிடிக்கும் வேளையில் ஜனவரி 28 வந்துவிடும், அணை மூடிவிடும். எனவே களத்து நெல்லைக் காப்பதா, நாற்றை நடுவதா என்ற வினா ஒவ்வொரு நாள் காலையிலும் குடும்பத்தின் முன் வந்து நிற்கிறது. ஆளோ அதே ஆட்கள்தாம்.

நடவு பெண்களின் கைத்தொழில். ஆடவர் நாற்றைப் பறித்து முடியாகக் கட்டி வயலில் வீச, பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நடந்தபடி நடுவர். கொட்டும் மழையிலும் அவ்வரிசை கலைவதில்லை. நிலமுடைய வீட்டின் ஐப்பசியைப் பற்றிப் பேசுவோர், நிலமில்லாத வீட்டின் ஐப்பசியை மறந்துவிடுகின்றனர். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இத்திங்களில் நாள்தோறும் வேலை கிடைக்கும். நடவு முடிந்தபின் தை அறுவடை வரை களையெடுப்பு ஒன்றைத் தவிர அதிகம் இராது. ஆதலால் ஐப்பசிக் கூலியே கார்த்திகையிலும் மார்கழியிலும் அடுப்பை எரிக்க வேண்டும். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவியபின் அந்நாட்களும் சுருங்கிவிட்டன. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதும் மெய். நட்ட ஆளுக்கு வேலை குறைந்தது என்பதும் மெய். இரண்டும் ஒரே ஊரில் எவ்வாறு மெய்யாயின என்பதை ஆராயும் மாணவன் பொருளாதாரத்தில் ஒரு நல்ல பாடம் கற்பான்.

இவற்றினிடையே தீபாவளி வருகிறது. பயிரின் கணக்கு கதிரவனைப் பற்றியது. தீபாவளியின் கணக்கோ திங்களைப் பற்றியது. தேய்பிறையின் இறுதியை ஒட்டி வருவதால், அது ஆண்டுதோறும் ஐப்பசிக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. 2023இல் அது நவம்பர் 12இல் வந்தது. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. நகரத்தாருக்கு இது நாட்காட்டியில் ஒரு வேறுபாடு. உழவனுக்கோ கடனுக்கும் கையிருப்புக்கும் உள்ள வேறுபாடு. முந்தி வந்தால் நெல் விற்ற பணம் வந்திராது. பிள்ளைகளின் புத்தாடை கடனில் வரும். பிந்தி வந்தால் பணம் இருக்கும். ஆனால் மழை உச்சத்தில் நிற்கும், நடவும் பாதியில் நிற்கும். விடியுமுன் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்து, சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்த இலேகியத்தை ஓர் உருண்டை விழுங்கிவிட்டு, பலகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வயலுக்கு மடை பார்க்கச் சென்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இத்திங்களில் மடை பார்ப்பதற்கும் பொருள் மாறிவிடுகிறது. ஆடியில் நீரை உள்ளே விடுவதற்காக விழித்திருந்த உழவன், ஐப்பசியில் நீரை வெளியே விடுவதற்காக விழித்திருக்கிறான். இளம்பயிரின் நுனி நீருக்கு மேல் தெரிந்தால் பிழைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் முழுதும் மூழ்கினால் அழுகும். தன் வயல் நீரை வடித்தால் அது அடுத்தவன் வயலுக்குத்தான் செல்லும். உறவினர் பலர் பேச்சு வார்த்தை இழந்தது ஐப்பசி வடிகாலில்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது முழு வேடிக்கை அன்று.

திங்கள் முழுதும் காவிரியில் நீராடுவதும் இப்பகுதியின் வழக்கம். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசியின் கடைசி நாளைக் கடைமுகம் என்பர், பெருங்கூட்டம் கூடும். கார்த்திகை முதல் நாளுக்கு முடவன் முழுக்கு என்று பெயர். கால் ஊனமுற்ற ஒருவன் நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவனுக்காக மேலும் ஒரு நாள் அப்பயன் நீட்டித்துத் தரப்பட்டதாம். ஆறு பிந்தி வந்தவனுக்கும் ஒரு நாள் தந்தது. நாற்று தருவதில்லை.

1977ஆம் ஆண்டு ஐப்பசியை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே உள்ளது. அவ்வாண்டு தீபாவளி பிந்தி வந்தது. என் தமக்கைக்குத் தலைத் தீபாவளி. நகரத்தில் அலுவல் பார்த்த மாப்பிள்ளை புது வேட்டியுடன் வந்திருந்தார். கடைசியாக அறுத்த குறுவை நெல் மூட்டைகளாகக் களத்துக் கொட்டகையில் இருந்தது. பண்டிகை கழிந்து ஓரிரு நாட்களில், நவம்பர் 12ஆம் நாள் விடியலுக்கு முன், நாகப்பட்டினத்துக்கருகே புயல் கரையைக் கடந்தது. கொட்டகையின் கூரை பறந்தது. விடிந்தபோது நெல் முழுதும் நனைந்திருந்தது. நட்டு இரண்டு வாரமான சம்பா கண்ணுக்குத் தெரியவில்லை.

மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. எல்லோர் வீட்டிலும் அதே நிலை. என் தந்தையார் மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டு மாப்பிள்ளையை மூட்டை தூக்கச் சொல்வதா?" என்றார் பாட்டியார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இதில் என்ன இருக்கிறது, பாட்டி? எந்த மூட்டை முதலில் வரவேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றார்.

ஈர நெல்லை முளைக்காமல் தடுக்க ஒரே வழி அவித்துவிடுவது என்பதைப் பாட்டியார் அறிந்திருந்தார். சூடு ஏறினால் முளைக்கும் உயிர் மடியும். மணி அரிசியாக மிஞ்சும். புரட்டாசியிலேயே பரண்மேல் அடுக்கி வைத்த வரட்டியைக் கீழிறக்கி, இரண்டு பெரிய அண்டாக்களை அடுப்பேற்றினார். மூன்று நாள் இரவு பகலாக அடுப்பு அணையவில்லை. அவித்த நெல்லைக் கூடத்திலும் திண்ணையிலும் பூசையறை வரையிலும் பரப்பி, நாங்கள் காலால் துழாவிக்கொண்டே இருந்தோம். விதைக்கென்று ஒதுக்கியது அழிந்தது, விற்கவேண்டியதும் விற்கவில்லை. நாற்றங்கால் மூலையில் மிஞ்சிய நாற்றையும், தூர் கட்டிய பயிரிலிருந்து பிரித்த கிளைகளையும் கொண்டு, பட்டுப்போன இடங்களை மீண்டும் நட்டோம். அதற்குள் கார்த்திகை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளை அதுவரை ஊர் திரும்பவில்லை. சாலை சரியாகவில்லை என்று அவர் அலுவலகத்துக்கு எழுதியது பாதி உண்மைதான்.

அவ்வரிசி சற்றுச் செந்நிறமாய், புளித்த வாடையுடன் இருந்தது. தை அறுவடை வரை எங்கள் வீட்டிலும், எங்கள் வயலில் நட்ட பெண்களின் வீடுகளிலும் அதுவே சோறு.