மலையேறும் வண்டியில் ஹீட்டர் ப்ளோயர் நின்று போனால்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டிக்குச் சரக்கு ஏற்றுகிற நம் வணிகர்களும், மேலேயிருந்து சொந்த வேனில் இறங்கி வந்து கொள்முதல் செய்யும் மளிகைக் கடைக்காரர்களும் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். சமவெளியில் கடை வைத்திருப்பவர்கள் "நமக்கு எதுக்கு ஹீட்டர்?" என்று சிரிப்பார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பர்லியாறு தாண்டியதுமே முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் படியும். வெளியே குளிர்ந்த கண்ணாடி, உள்ளே நம் மூச்சின் ஈரம். திரும்பி வரும்போது கழுவிய கேரட் மூட்டைகளின் ஈரமும் சேர்ந்துவிடும். அதைக் காய வைப்பது ஹீட்டர் காற்றுதான். சூட்டைத் தருவது என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர். அந்தச் சூட்டைக் கண்ணாடிக்குத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய விசிறி. அதைத்தான் ப்ளோயர் என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் என் பழைய டீசல் வேன் ஊட்டியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கியது. ப்ளோயர் ஓடவில்லை. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துண்டு. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது தெரியாமல், கடைசி நேரத்தில் ஒடித்ததில் முன்சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கி நின்றது. ஆளுக்குச் சேதமில்லை. "ஏப்பா, ரிப்பேர்னு முன்னாடியே சொல்றதில்லையா?" என்று சத்தம் போட்டேன். "சொன்னேனுங்க மொதலாளி. தீபாவளிச் சரக்கு முடியட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச வாயில்லை.

அவசரத்தில் கிடைத்த ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று அவர் பியூஸை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சொருகிக் கொடுத்தார். பத்து நாள் அருமையாக ஓடியது. பதினோராம் நாள் கருகல் வாடை. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் கப்ளர் உருகி, ஒயரின் மேல்தோல் ஒரு முழ நீளத்துக்குக் கரிந்திருந்தது. பின்னால் இருந்தது எண்ணெய் டின். பியூஸ் போகிறது என்றால் அது நமக்குச் செய்தி சொல்கிறது. 20 ஆம்பியர் என்று மூடியில் எழுதியிருந்தால் 20தான் போட வேண்டும்.

பிறகு வேறொரு வயதான எலக்ட்ரீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து முழு நாள் பார்த்தேன். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பழைய வண்டிகளில் வழி எளிமையானது. பேட்டரி, பியூஸ், சுவிட்ச், ரிசிஸ்டர், மோட்டார், எர்த். சுவிட்ச் சில வண்டியில் மோட்டாருக்கு முன்னால், சிலவற்றில் எர்த் பக்கம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகம் வைப்பது ரிசிஸ்டர்; அது சுருள் கம்பி. மெதுவான வேகத்தில் மின்சாரம் எல்லாச் சுருளையும் கடந்து போகும். முழு வேகத்தில் சுருளைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். ஆகவே முழு வேகத்தில் மட்டும் ஓடி மற்றதில் நின்றால், பத்துக்கு ஒன்பது ரிசிஸ்டர் போய்விட்டது. மெதுவேகம் ஓடி, முழு வேகம் மட்டும் இல்லையென்றால் சுவிட்ச் முனையையோ அந்தத் தனி ஒயரையோ, ரிலே இருந்தால் ரிலேயையோ பார்க்க வேண்டும்.

எதிலுமே ஓடாவிட்டால் முதலில் பியூஸ். அது நன்றாக இருந்தால் சுவிட்சை முழு வேகத்தில் வைத்து, மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயருக்கும் குறுக்கே டெஸ்ட் லாம்ப் பிடியுங்கள். ஒரு முனையை பாடியில் வைத்துப் பார்ப்பது, எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டியில் ஏமாற்றிவிடும். லாம்ப் நன்றாக எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் கோளாறு மோட்டாரில். லேசாகத் தட்டினால் ஓடுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் கப்ளரை மாட்டியபடியே பார்க்க வேண்டும் என்பது முக்கியம். கழற்றிவிட்டுப் பார்த்தால், கெட்டுப்போன இணைப்பிலும் லாம்ப் பளிச்சென்று எரியும். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பேட்டரியில் 12 வோல்ட் இருந்து மோட்டாரில் 9 வந்தால், நடுவழியில் எங்கோ 3 வோல்ட் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. 15 ஆம்பியர் ஓடும் வழியில் 3 வோல்ட் இழப்பு என்றால் 45 வாட். ஈயம் பற்றவைக்கிற கோலின் சூடு அது. கப்ளர் உருகாமல் என்ன செய்யும்?

ரிசிஸ்டரைக் கழற்றி மீட்டரில் பார்த்தால், நல்ல சுருள் சில ஓம்களோ அதற்கும் குறைவாகவோ காட்டும். அறுந்தது ஒன்றும் காட்டாது. சிலவற்றில் சூடு அதிகமானால் அறுந்துபோகும்படி சிறிய பியூஸ் ஒன்றும் சேர்த்திருப்பார்கள். அதைக் கம்பி வைத்து இணைக்கக் கூடாது. ரிசிஸ்டர் காற்றுப் பாதைக்குள்ளேயே இருப்பதற்குக் காரணம், அந்தக் காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. "இங்கே வெளியிலேயே கட்டிவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புது ரிசிஸ்டர் ஒரு சிப்பம் அரிசியின் விலையில் பாதிகூட வராது. ஆனால் அது ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் மறுபடியும் போகும். என் வண்டியில் குற்றவாளி மோட்டார்தான். புஷ் காய்ந்து, விசிறியில் மைதாவும் மிளகாய்த்தூளும் ஈரத்தோடு சேர்ந்து அடை போலப் பிடித்திருந்தது. நம் தொழிலில் வேறென்ன இருக்கும்! மோட்டார் இழுத்துச் சுற்றினால் மின்சாரம் அதிகம் குடிக்கும். ரிசிஸ்டர், கப்ளர், பியூஸ் மூன்றும் அடி வாங்கும். கையால் சுழற்றினால் விசிறி தடங்கலின்றி நாலு சுற்றாவது தானே ஓட வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கரிந்த ஒயரை வெட்டி, அதே கனத்தில் புது ஒயர் போட்டு ஈயம் பற்றவைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது மலை ஏறாது. சென்னை நண்பர்கள் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் வாங்கலாம், தப்பில்லை. ரிசிஸ்டரும் கப்ளரும் புதிதாகவே இருக்கட்டும்.

வழியில் நின்றுபோனால் இருபக்கக் கண்ணாடியையும் நாலு விரல் இறக்கி, காற்றை வெளியிலிருந்து எடுக்கும்படி வைத்து, அகலமான இடத்தில் ஓரம் கட்டித் துடைத்துக்கொள்ளலாம். புறப்படுமுன் கண்ணாடியின் உள்பக்கம் சோப்பை மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் பனி படிவது கொஞ்ச நேரம் தள்ளிப்போகும். என் வண்டியில் ஒரு சோப்பும், சரியான அளவில் நாலு பியூஸும் எப்போதும் கிளவ் பாக்ஸில் இருக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் டிரைவர் ப்ளோயரை எல்லா வேகத்திலும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் லோடு ஏற்றுகிறார்.