வல்லவர் விட்ட பிழைகளும் எமது சிறுவரின் சதுரங்கப் பலகையும்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நாம் வாழும் ரொறன்ரோ நகரின் குவீன் வீதி மேற்கில் உள்ள கிரேட் ஹோல் மண்டபத்தில், உலக சதுரங்கப் பட்டத்திற்கான சவாலாளரைத் தெரிவு செய்யும் சுற்றுப்போட்டி நடைபெற்றது. எம்மவர் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஸ்ரீற்கார் அந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டித்தான் ஓடுகிறது. சென்னையைச் சேர்ந்த குகேஷ், பிரக்ஞானந்தா, அவரது தமக்கை வைஷாலி ஆகிய மூன்று இளையோர் ஒரே கூரையின் கீழ் ஆடினர். பதினேழே வயதான குகேஷ் 14 ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்று முதலிடம் பெற்றார். அதே ஆண்டு டிசெம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று உலக சம்பியனும் ஆனார். இவை யாவரும் அறிந்த செய்திகளே.

நாம் இங்கு எழுதப் புகுந்தது அவ்வெற்றியைப் புகழ்வதற்கன்று. அதனைச் செய்யப் பலர் உளர். அவ்வாட்டங்களிலிருந்து, இரவு வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் பலகையை விரிக்கும் ஒரு சாதாரண ஆட்டக்காரர் அல்லது எமது பத்து வயதுப் பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே எமது கேள்வி.

முன்னொரு காலத்தில் பெரிய சுற்றுப்போட்டி ஒன்றின் ஆட்டங்கள் எம் கைக்கு வந்து சேர வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். பத்திரிகையில் வந்த ஓர் ஆட்டத்தைக் கத்தரித்து, கொப்பியில் ஒட்டி, காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்போம். குறிப்பு எழுதியவர் விட்ட இடங்களை நாமே யோசித்து நிரப்ப வேண்டியிருந்தது. இன்று சிங்கப்பூரில் நகர்த்திய காய் அடுத்த கணமே எமது கைத்தொலைபேசியில் நகர்கிறது. பக்கத்திலேயே கணினி ஓர் எண்ணைக் காட்டி, இன்னார் மேலோங்கி நிற்கிறார் என்கிறது. வசதிதான். ஆயினும் அந்த எண் பிள்ளையின் சிந்தனையை எவ்வளவு தூரம் நிறுத்திவிடுகிறது என்பதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. "கறுப்புக்குத்தான் நல்லம்" என்று பிள்ளை சொல்லும். ஏன் என்று கேட்டால், "கணினி சொல்லுது" என்ற பதிலே வரும். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு கணக்குப் பழகியவர் யார்?

எனவே கணினியை மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். ஓர் ஆட்டத்தின் நகர்வுகளை அச்சிட்டு எடுத்து, அதன்மேல் ஒரு வெற்றுத்தாளை வைத்து மறைத்து, வென்றவரின் பக்கத்தில் பிள்ளையை இருத்துங்கள். தாளை ஒரு வரி கீழே இறக்குமுன், அடுத்த நகர்வு எதுவென்று பிள்ளை சொல்லவேண்டும்; காரணத்தை ஒரு வரியிலாவது கொப்பியில் எழுதவேண்டும். பின்னரே தாளை இறக்கிப் பார்க்கவேண்டும். ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிட்டால், அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. ஆட்டம் முடிந்தபின் கணினியைத் திறந்து, பிள்ளையின் எண்ணத்தில் தவறு எங்கே என்று கேட்கலாம். ஒரு வாரத்திற்கு இப்படி ஓர் ஆட்டம் போதும். இருபது ஆட்டங்களை வேகமாக ஓட்டிப் பார்ப்பது படம் பார்ப்பதற்கு ஒப்பானது.

எந்த ஆட்டத்தை எடுப்பது? எல்லோரும் வெற்றி ஆட்டங்களையே தேடுவர். எமது கருத்து வேறு. வல்லவர்கள் தடுமாறிய ஆட்டங்களே எம்போன்றவர்களுக்கு அதிகம் கற்பிப்பன. அவர்களது ஆழமான நகர்வுகள் பல எமக்கு விளங்குவதில்லை. ஆனால் அவர்களது பிழைகள் எமக்கு நன்றாகவே விளங்குகின்றன.

சிங்கப்பூரின் பதினான்காவது, அதாவது இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். இருவரும் தலா ஆறரைப் புள்ளிகள். வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், ஒரு காலாள் குறைவாக இருந்தபோதிலும், சமநிலை செய்யக்கூடிய நிலையிலேயே இருந்தார். இருவரிடமும் ஒவ்வொரு கோட்டை, வெள்ளைக் கட்டங்களில் செல்லும் ஒவ்வொரு மந்திரி. ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தமது கோட்டையை எஃப்2 கட்டத்திற்குக் கொண்டுவந்து, கோட்டைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். காய்கள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எண்ணம் எவருக்கும் வருவதே. குகேஷ் கோட்டையை வெட்டினார். டிங்கின் அரசன் திருப்பி வெட்டினான். அடுத்துக் குகேஷ் தமது மந்திரியை டி5 கட்டத்தில் வைத்தார். அத்துடன் ஆட்டம் முடிந்துவிட்டது.

ஏன் முடிந்தது என்பதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். டிங்கின் மந்திரி ஏ8 என்னும் மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரேயொரு சாய்கோடுதான் உண்டு. நடுப்பலகையில் நின்றால் பதின்மூன்று கட்டங்களைப் பார்க்கும் காய், மூலையில் ஏழையே பார்க்கிறது. அந்த ஒற்றைப் பாதையின் குறுக்கே, தன் அரசனின் துணையுடன் எதிரியின் மந்திரி வந்து நின்றால் ஓடுவதற்கு இடமில்லை; மாற்றிக்கொள்ளவே வேண்டும். மூலைக்கு ஒரு கட்டம் உள்ளே, பி7 இல் நின்றிருந்தால், பக்கவழியாக விலகும் பாதைகள் இரண்டு இருந்திருக்கும்.

மந்திரிகளும் வெட்டுப்பட்டபின் எஞ்சியவை அரசர்களும் காலாட்களுமே. ஐம்பத்தெட்டாவது நகர்வில் வெள்ளை அரசன் ஈ3 இலும், கறுப்பு அரசன் ஈ5 இலும் நேருக்கு நேர் நின்றனர், நடுவே ஒரு கட்டம், நகரவேண்டியவர் டிங். இந்நிலையில் நகரவேண்டியவனே வழிவிட வேண்டியவன். ஆங்கிலத்தில் ஒப்பொசிஷன் என்று வழங்கும் இதனை எதிர்முகம் எனலாம். சதுரங்கம் பழகும் பிள்ளைக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. டிங் அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டம் ஒன்று, தொடக்கநிலைப் புத்தகத்தில் உள்ள ஒரு படத்துடன் கைமாறியது.

எமது பிள்ளைகளிற் பலர் தொடக்க நகர்வுகளைப் பதினைந்து வரை மனப்பாடம் செய்கின்றனர். அரசனும் காலாளும் மட்டும் எஞ்சும்போது தடுமாறுகின்றனர். மனப்பாடம் எம் சமூகத்தின் பழைய நோய் என்று சொன்னால் ஆசிரியர்கள் கோபிக்கக்கூடாது.

மணிக்கூடு பற்றியும் ஒரு சொல். அதே சிங்கப்பூர்ப் போட்டியில் முதல் நாற்பது நகர்வுகளுக்கு ஒருவருக்கு இரண்டு மணி நேரம். அதுவரை மேலதிக விநாடிகள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. மூன்றாவது ஆட்டத்தில் டிங் நேரம் தீர்ந்தே தோற்றார். அவரது நிலை அப்போது ஏற்கெனவே கெட்டிருந்தது என்பது உண்மையே. ஆயினும் நிலை கெடுவதும் நேரம் கரைவதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போவனவே. ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் எஞ்சிய நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள். எங்கே பத்து நிமிடம் வீணாயிற்று என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

இனித் தோல்வி. ரொறன்ரோவில் ஏழாவது சுற்றில் குகேஷ், அலிரெசா ஃபிரூஸ்ஜாவிடம் தோற்றார். ஈரானில் பிறந்து, அந்நாட்டுச் சம்மேளனத்தை விட்டு விலகி, சிறிது காலம் எந்த நாட்டின் கொடியுமின்றி ஆடி, 2021 முதல் பிரான்சுக்காக ஆடுபவர் இந்த ஃபிரூஸ்ஜா. அவரது கதை எம்மவருக்கு அந்நியமானதன்று. நேர நெருக்கடியில் விளைந்த அத்தோல்வி குகேஷுக்குப் பெரிய அடி. மறுநாள் ஓய்வு நாள். அந்நாளிலேயே தம் மனம் தெளிந்ததாகப் பின்னர் அவர் கூறினார். எட்டாவது சுற்றில் வென்றார். அதன்பின் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்தையும் இழக்கவில்லை. வைஷாலியின் நிலை இன்னும் கடினமானது. ஆறாம் சுற்றிலிருந்து தொடர்ந்து நான்கு தோல்விகள். எஞ்சிய ஐந்து சுற்றுகளிலும் ஐந்து வெற்றிகள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வார இறுதிச் சுற்றுப்போட்டிகள் முடிந்து மண்டபத்தை விட்டு வெளிவரும் எமது பெற்றோர் சிலர், கார்த் தரிப்பிடத்தை அடையுமுன்னரே தோற்ற பிள்ளையை விசாரிக்கத் தொடங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். "அந்தப் பெடியனிட்ட எப்படித் தோத்தனி?" என்பது முதற் கேள்வி. பதிவுக் கட்டணமும், விடுப்பு எடுத்த ஒரு நாட் சம்பளமும் அந்தக் குரலில் கேட்கும். அந்தப் பெற்றோரின் களைப்பை நாம் அறியாதவர்களல்லர். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்பிள்ளை பலகையைத் தொடுவதையே விட்டுவிடுகிறது.

தோற்ற ஆட்டத்தின் குறிப்புத் தாளை அன்று மடித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டபின், பலகையை விரித்து, "இதை எனக்குச் சொல்லித்தா" என்று கேளுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்கே விளங்குகிறது. முன்னாள் உலக சம்பியன் மிகைல் பொட்வின்னிக், ஒருவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து பிறர் பார்வைக்கு வைக்கவேண்டும், பிழைகளைப் பிறர் சுட்டிக்காட்டுவர் என்று வலியுறுத்தியவர். அவருக்குப் பத்திரிகைகள் இருந்தன. பிள்ளைக்கு அம்மம்மா இருந்தாலும் போதும்.

குகேஷ் - டிங் இறுதி ஆட்டத்தின் ஐம்பத்தெட்டு நகர்வுகளையும் எந்த நூலகக் கணினியிலும் இலவசமாக எடுக்கலாம். முதல் ஐம்பத்துநான்கு நகர்வுகளை ஆடி முடித்துவிட்டு, தாளால் மறைத்து, வெள்ளையின் அடுத்த நகர்வைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அதே கோட்டையை அதே எஃப்2 கட்டத்தில் வைக்கும் பிள்ளைகளே அதிகமாக இருப்பர் என்பது எமது ஊகம்.