கிணற்றில் எண்ணெய்: மாதிரி எடுக்க வருபவரின் போத்தலைப் பாருங்கள்

2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்ற பேச்சு பரவியபோது, நானும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பழைய சோடாப் போத்தலில் பரிசோதனைக்குக் கொண்டு ஓடினேன். அது பிழையான மாதிரி என்பது பிறகுதான் விளங்கியது.

எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். முடிவு குறைவாகக் காட்டும். சுத்தமான கண்ணாடிப் போத்தலே வேண்டும். அதைக் கிணற்று நீரால் அலசக்கூடாது; எண்ணெய் உட்சுவரில் படிந்து அளவு பிழைத்துவிடும். அமிலம் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும். ஆவியாகும் பென்சீனுக்கு, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய சிறு குப்பி தனியாக வேண்டும்.

டீசல் நீரைவிடப் பாரம் குறைந்தது, மேலே மிதக்கும். அடித்தண்ணீரை மட்டும் அள்ளினால் படலம் தப்பிவிடும். நிலத்துக்குள்ளும் அது நீர்மட்டத்தை ஒட்டியே தேங்கும். ஆகவே மேல்மண் மட்டும் போதாது, பல ஆழங்களில் மண் எடுக்கவேண்டும். எங்கள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக எண்ணெய் நகர்வதால், ஒரு கிணறு சுத்தமென்றால் அயல்கிணறும் சுத்தமென்று சொல்லமுடியாது.

இடம், திகதி, நேரம், எடுத்தவர், கைமாறிய விபரம் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம் சுன்னாக வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. வழக்கென்று வந்தால் இந்தப் பதிவுகள்தான் சாட்சி.

பிழையாக எடுத்த மாதிரிக்கு 'மாசில்லை' என்று வந்தால், அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது எங்கள் பிள்ளைகள்.