வச்சிரம் முதல் ஈபாக்ஸி வரை

முதலில் நீராக ஓடி, பொருளின் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்களிலெல்லாம் புகுந்து, பிறகு அங்கேயே கெட்டியாக இறுகிவிடுவதுதான் பசையின் லட்சணம். எவ்விதம் இறுகவைப்பது, இறுகியதைத் தண்ணீரிடமிருந்து எவ்விதம் காப்பது என்ற இரண்டு கேள்விகளே ஆலைத் தொழிலில் பசையின் சரித்திரத்தைப் பெரும்பாலும் நடத்திவந்தன.

நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வது, பிராணிகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. பழுப்புநிறக் கட்டிகளை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, கொதிக்கவிடாமல் இளக்கி, சூடு தணியுமுன் தடவ வேண்டும்; நேரே நெருப்பில் ஏற்றினால் புரதம் சிதைந்து பற்றுக் குறைந்துவிடும். ஆறியும் உலர்ந்தும் இறுகுகிற வஸ்து, ஈரமும் சூடும் சேர்ந்தால் மறுபடி இளகுவதில் வியப்பில்லை. பாலின் கேசீன் புரதத்தால் செய்த பசை சற்றே ஈரம் தாங்கும். ஆனால் பூஞ்சைக்கு அதுவும் நல்ல ஆகாரமே.

பால்சாக் கட்டையின் இருபுறமும் பிர்ச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ யுத்த விமானம் 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தபோது, அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது இந்தக் கேசீன் பசைதான். உஷ்ணமும் ஈரமும் மிகுந்த தேசங்களுக்கு அது ஏற்றதன்று என்று கண்டு, யூரியா-பார்மால்டிஹைடு ரெசினுக்கு மாறினார்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடுவதால், ஒருமுறை இறுகிய அந்த ரெசின் தண்ணீரில் திரும்பக் கரையாது.

இவ்வகை ரெசினை முன்னரே செய்துவந்த, கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்போர்டில் ஆராய்ச்சி நடத்திய நார்மன் டி புருய்ன், 1941-ல் இன்னும் துணிந்து உலோகத்தையே ஒட்ட முற்பட்டார். பீனாலிக் ரெசினைத் தகட்டில் தடவி, ஈரம் உலருமுன் பாலிவினைல் பார்மல் தூளைத் தூவி, சூடும் அழுத்தமும் கொடுத்தால் இறுகும் அந்த ‘ரெடக்ஸ்’, ஆணி அடிக்கத் துளையிடும் இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது என்ற நெடுநாள் சங்கடத்துக்குப் பரிகாரமாயிற்று. என் மதிப்பில் பசையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. 1946-ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் ‘அரால்டைட்’ என்ற ஈபாக்ஸியைக் கொணர்ந்தது. நம் நாட்டில், 1959-ல் வந்த பெவிகால் காய்ச்சும் தொல்லையை ஒழித்து வச்சிரத்தைப் பட்டறையிலிருந்து மெல்ல வெளியேற்றியது. நீர் வற்றி இறுகும் பழைய முறையையே அந்த வெள்ளைப் பசையும் பின்பற்றுகிறது என்பது வேறு விஷயம்.

1951-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக்கில், சயனோஅக்ரிலேட் திரவத்தின் ஒளிவிலகலை அளக்கப் போனவர்கள், விலையுயர்ந்த கருவியின் இரு பட்டகங்களும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டதைக் கண்டார்கள். காற்றிலும் பரப்பிலும் இருக்கும் அற்ப ஈரமே இத்திரவத்தைக் கணத்தில் இறுகச் செய்கிறது; நெடுங்காலம் பசைக்குப் பகையாயிருந்த தண்ணீர் இங்கே அதன் உபகாரியாகிவிட்டது. ஆகவே, வீட்டில் அத்தகைய பசைக்குப்பியைத் திறந்தால் உடனே இறுக மூடி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.