ஒரே கதவிலக்கம், இரண்டு தெரு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூலிப் பட்டுவாடா என்றால், எட்டு மணிக்கே நெசவாளர் சங்கத் திண்ணையில் வந்து கூடிவிடுவர். நாம் அண்மையில் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு கைத்தறிச் சங்கத்திலோ, பிற்பகல் மூன்று மணியாகியும் ஒருவர் கைக்கும் காசு வரவில்லை.

காரணம் இதுதான். அச்சங்கத்தின் கணக்கர் அம்மையார் மகப்பேற்றுக்குப்பின் அடுத்த ஊரிலுள்ள தம் இல்லத்திலிருந்தே கூலிப் பட்டியலைத் தயாரித்து வருகிறார். அதற்கெனச் சங்கத்தார் வி.பி.என். வசதி செய்து தந்துள்ளனர். பொது இணையத்தின் நடுவே, வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் சங்கத்துக்கும் இடையே மட்டும் அமைந்த பூட்டிய சுரங்கப்பாதை என அதனைக் கொள்ளலாம். உள்ளே செல்லும் கணக்கை வழியிலுள்ளோர் படிக்க இயலாது. அதுவரை கைப்பேசி இணையத்தைக் கொண்டு வேலை நடந்துவந்தது. அந்த வாரந்தான் வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்தது. கைப்பேசித் திட்டத்தை அம்மையார் குறைத்துக்கொண்டார்.

காரியதரிசியுடன் நாம் அங்குச் சென்றோம். "வி.பி.என். இணைந்துவிட்டதென்று காட்டுகிறது ஐயா, கணக்குதான் திறக்க மறுக்கிறது" என்றார் அம்மையார். நம் கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்துப் பார்த்தோம், உடனே திறந்தது. மாலைக்குள் கூலி பட்டுவாடாவாயிற்று. குற்றம் பிராட்பேண்ட் கம்பெனியுடையதே எனக் காரியதரிசி தீர்ப்புக் கூறிவிட்டார். நாமும் ஒரு கணம் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

உண்மை வேறு. வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் வழங்கிக்கொள்ளச் சில எண் வரிசைகள் 1996இல் வகுத்த விதிப்படி ஒதுக்கப்பட்டுள்ளன. 10 எனத் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரையுள்ளன, 192.168 எனத் தொடங்குவன ஆகியவை அவை. இவற்றை எவரும் எவரையும் கேளாமல் பயன்படுத்தலாம். ரௌட்டர் செய்வோர் பலர் 192.168.1 அல்லது 192.168.0 என்னும் வரிசையை இட்டே அனுப்புகின்றனர். சங்கத்திலும் 192.168.1, அம்மையார் வீட்டிலும் அதுவே. கணக்கு வைத்துள்ள சங்க சர்வரின் எண் 192.168.1.10. அவ்வெண்ணைக் கேட்டதும் வீட்டுக் கம்ப்யூட்டர், "இது நம் தெருக் கதவிலக்கமன்றோ!" எனக் கருதி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. சுரங்கப்பாதை திறந்திருந்தும் அதன் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பேசி வேறு வரிசையைத் தருவதால் அதில் தடையில்லாமற் போயிற்று.

இதற்கு வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. கூலிப் பட்டியல் என்ன, திரைப்படமா?

இதனிடையே நிர்வாகக் குழுவினர் ஒருவர், வி.பி.என். தொல்லையே வேண்டாம், சர்வரின் வாயிலை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடலாம் என்று யோசனை கூறினார். நாம் வன்மையாக மறுத்தோம். அவ்வாறு திறந்த வாயில்களை இரவு பகலாகத் தேடித் திரியும் நிரல்கள் உள்ளன. அவ்வழியே புகுந்து, கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துப் பணம் பறித்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அந்தச் சர்வரில் இருப்பது கூலிக் கணக்கு மட்டுமன்று. ஒவ்வொரு தறிக்காரரின் சிக்கன நிதிக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

அன்றே வீட்டு ரௌட்டரின் வரிசையை 192.168.77 என மாற்றினோம்; பத்து நிமிட வேலை. கணக்கு திறந்தது. ஆயினும் நாளை வேறொரு ஊழியர் வீட்டிலும் இதே மோதல் நேரும். ஆகவே சங்கத்தின் வரிசையையே எளிதில் எவரும் வைத்திராத ஒன்றாக மாற்றுமாறு எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரமே 10.47.22 என மாற்றிவிட்டனர். புது சர்வர் எண்ணை அம்மையாருக்குத் தெரிவித்தவர்கள், சங்கத்துப் பிரிண்டருக்குப் புது எண் இட மறந்துபோயினர். திங்களன்று ரசீதுகளெல்லாம் கையாலேயே எழுதப்பட்டன.